வந்த காரணம்

அக்கா,

அரிமளத்தில் நாம் வழக்கமாகத் தங்கும் நாள்வாடகை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேனை விட்டு இறங்கியதும் வீட்டுக்காரர் நோட்டை நீட்டினார். ஒன்பது பேர் பெயரும் ஏற்கெனவே எழுதியிருந்தது. இரண்டாவது பெயர் உன்னுடையது.

தப்பு என்னுடையதுதான். தங்குகிறவர்கள் விவரத்தை முன்கூட்டியே பேரூராட்சியில் கொடுக்க வேண்டும் என்று போன வருஷத்திலிருந்து சட்டம். அப்போது அனுப்பிய ஆதார் நகல்களையே மறுபடி அவருக்குத் தட்டிவிட்டேன். நீ போய் ஏழு மாசம் ஆகிறது. கைக்கு அந்த ஞாபகம் இல்லை.

உனக்கு இந்த நோட்டைக் கண்டாலே ஆகாது. "சொந்த ஊருக்குச் சாமி கும்பிட வந்துட்டு வாடகைக்குப் படுக்கணுமாடா?" என்று முதல் வருஷம் வாசலிலேயே நின்றுகொண்டாய். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் நாங்களெல்லாம் 'சாமி கும்பிட' என்று எழுத, நீ மட்டும் 'என் ஊர்' என்று எழுதினாய்.

"அது காரணமாங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"வேற என்ன காரணம் வேணும் ஒங்களுக்கு?"

அதன்பிறகு வருஷா வருஷம் அதையேதான் எழுதினாய். பிள்ளைகள் சிரிப்பார்கள். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

வருஷத்துக்கு ரெண்டு நாள் தங்கவாவது நம் வீடு இருக்கட்டும் என்று நீ கெஞ்சினாய். பூட்டிப் போட்ட வீட்டை யார் பார்ப்பது என்று நான்தான் பிடிவாதமாக விற்க வைத்தேன். கையெழுத்துப் போடும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் பேசினாய். சண்டை போட்டிருந்தால் தேவலை.

"அக்கா இன்னும் இறங்கலையா? முட்டி வலின்னு கீழ் ரூம்ல கட்டில் போட்டு வச்சிருக்கேன்" என்றார் வீட்டுக்காரர். சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி, "ஆள் கணக்கு சரியா இருக்கணும்ங்க. நீங்களே அடிச்சுட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுருங்க" என்றார்.

இறப்புச் சான்றிதழ் வாங்கியது, ரேஷன் கார்டில் பெயர் எடுத்தது எல்லாம் உன் மகன்தான். எனக்கு இந்த ஒன்றைத்தான் விட்டு வைத்திருந்தாய் போல. ஒரே ஒரு கோடு அக்கா. போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

என் பெயருக்கு நேரே, காரணத்தில், 'என் ஊர்' என்று எழுதினேன்.

"அக்காகிட்டக் கேக்கப் பயந்துக்கிட்டே இருந்தேன். ஒங்க வீடு எந்தத் தெருங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"இப்ப இல்லைங்க. விக்க வேணாம்னுதான் அக்கா சொல்லுச்சு. நான்தான் கேக்கலை. தப்புப் பண்ணிட்டேன்."

யாரோ ஒருவரிடம் இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. உன்னிடம் சொல்ல எத்தனை வருஷம் இருந்தது, அக்கா.