பாயில் உட்கார்ந்தவர்களுக்கும் கேட்டது, மதினி

என் உசுருக்கு உசுரான அருளாயி மதினிக்கு,

கேட்டுச்சு மதினி. உன் பேரு கேட்டுச்சு. நாம எப்பவும் பாய் விரிக்கிற அந்தத் தூணுக்குப் பின்னால உட்கார்ந்து, ஒரு எழுத்து விடாமக் கேட்டேன். உங்கிட்டச் சொல்லாம எனக்குச் சோறு இறங்கல. கோயில் பத்திரிகை பங்கு மலர்ல போடுறேன், எழுதிக் குடுங்கம்மான்னு ஃபாதர் சொன்னார். நான் படிச்ச மூணாங்கிளாசுக்கு இம்புட்டுத்தான் வரும். ஊரு வாசிக்கட்டும். ராயப்பன் அண்ணனும் வாசிக்கட்டும்.

உனக்கு ஞாபகம் இருக்கா, நம்ம கோயில்ல பிரசங்கம் எப்படி இருக்கும்னு? வெள்ளைக்காரச் சாமியார் கட்டின உசந்த கூரை. அதுல ரெண்டு ரேடியோ குழாய். ஒரு வார்த்தை முடியுமுன்ன அடுத்தது அது மேல ஏறி உட்கார்ந்துக்கும். முன்னால பெஞ்சுல இருந்த ஆம்பளைகளுக்காவது ஃபாதர் தொண்டை கேட்டுச்சு. பின்னால தரையில இருந்த நமக்கு வெறும் ஓங்காரம்தான்.

பழங்காநத்தம் பஸ்ல திரும்பும்போது, இன்னைக்குப் பிரசங்கம் நோவா பேழைன்னு நீ சொல்லுவ. நான் ஊதாரிப் பிள்ளைன்னுவேன். சண்டை முத்தி உன் வீட்டுக்காரர், எங்கண்ணன்கிட்டக் கேட்டா, "ரெண்டும் இல்ல, சைக்கிளை வாசல்ல நிறுத்தாதீங்கன்னு சொன்னாரு"ம்பார். பஸ்ஸே சிரிக்கும்.

ஆனா ஒரு சிரிப்பை நான் மறக்கல. பங்குப் பேரவையில இருந்த ராயப்பன் அண்ணன்கிட்ட, பொம்பளைக பக்கம் ஒரு ஸ்பீக்கர் வைங்கண்ணேன்னு நீ மரியாதையாத்தான கேட்ட? "உங்களுக்கு எதுக்கு மதினி ஸ்பீக்கரு? நீங்க பேசுறதுதான் பீடம் வரைக்கும் கேக்குதே"ன்னார். அத்தனை பேரும் சிரிச்சாங்க. நீயும் முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டுச் சிரிச்ச மாதிரி நடந்த. உன் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன். அன்னைக்குச் சிரிச்சவங்க முகம் ஒவ்வொண்ணும் எனக்கு இன்னும் மனப்பாடம்.

அப்புறம் ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்ன. "சவரி, கல்லறைத் திருநாள் பூசையில செத்தவங்க பேரோட என் பேரையும் வாசிப்பாங்க. அது உன் காதுல விழணும்டி. விழலைன்னா நான் இருந்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிரும்."

உன் அடக்கப் பூசையிலேயே ஒரு வார்த்தை விழல மதினி. அதுக்கப்புறம் வந்த கல்லறைத் திருநாள் எல்லாத்துலயும் அதே ஓங்காரம். வாசிச்சாங்களா, விட்டுட்டாங்களா? யாரைக் கேட்க? மெழுகுவத்தியைக் கையில வச்சுக்கிட்டுத் தெரியாமலே வீடு திரும்புவேன்.

இந்த வருஷம் புது ஃபாதர் குழாயைக் கழட்டச் சொல்லிட்டார். அழகர் ஆத்துல இறங்கும்போது மைக் செட் கட்டுறவராம், வாடிப்பட்டிக்காரர், அவர் வந்து புதுப் பெட்டி மாட்டினார். மேற்பார்வை யாரு? ராயப்பன் அண்ணன்தான். சுவத்துல இருக்குற சிலுவைப்பாதைப் படம் மறையக் கூடாதுன்னு பெட்டியெல்லாம் படத்துக்கு மேல, உச்சத்துல மாட்டச் சொல்லிட்டார். பீடத்துக்கிட்ட நின்னு "ஹலோ, மைக் டெஸ்டிங்"ன்னார். "கணீர்னு இருக்கு"ன்னு அவரே சொல்லிக்கிட்டார்.

நான் கோயில் கூட்டப் போயிருந்தேன். விளக்குமாத்தைச் சாத்தி வச்சேன். நம்ம பாயை நம்ம இடத்துல விரிச்சேன்.

"அண்ணே, இங்க வந்து உட்காருங்க."

"நான் எதுக்குத்தா அங்க?"

"நாங்க நின்னுக்கிட்டா பூசை பாக்குறோம்? தரையில உட்கார்ந்து கேட்டுப் பாருங்க."

அவர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர், "உட்காருங்க ராயப்பன்"னார். வேட்டியை ஒதுக்கி, தூணைப் பிடிச்சு, "யேசுவே"ன்னு முனகிக்கிட்டு உட்கார்ந்தார் மதினி. நீ உட்கார்ந்த பாயில!

வாடிப்பட்டிக்காரர் மைக்குல என்னமோ பேசினார். கூரை முழுக்க ஓங்காரம். ராயப்பன் அண்ணன் கையைக் குவிச்சு, பக்தியா "ஆமென்"னார்.

வாடிப்பட்டிக்காரர் ஓடி வந்தார். "அண்ணே, டீ சொல்லியாச்சான்னுல்ல கேட்டேன்!"

ஃபாதர் அங்கியைப் பிடிச்சுக்கிட்டுக் குலுங்கினார். கோயில் கூட்ட வந்த பொம்பளைக அத்தனை பேரும் சிரிச்சோம். அந்தச் சிரிப்பு பீடம் வரைக்கும் என்ன, மணிக்கூண்டு வரைக்கும் கேட்டிருக்கும். இந்தத் தடவை சிரிப்பு நம்ம பக்கம் மதினி.

அன்னைக்கே பெட்டிகளை இறக்கித் தூணுக்கு ஒண்ணாக் கட்டி, தரையைப் பார்த்துச் சாய்ச்சுட்டாங்க. எதுலயும் பெருஞ்சத்தம் இல்ல. பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து பேசுற மாதிரி, அம்புட்டுத்தான். ஒரு படம் பாதி மறையுது. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்.

கல்லறைத் திருநாள் வந்துச்சு. உன் இடத்துல யாரையும் உட்கார விடல. உபதேசியார் பேரு பேரா வாசிச்சார். "பழங்காநத்தம் அருளாயி." நம்ம தூணே சொன்ன மாதிரி இருந்துச்சு. பொம்பளைக பக்கம் மொத்தமாத் திரும்பி என்னைப் பார்த்துச்சு. நான் அழல. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இன்னொண்ணு கேளு. கேபிள்காரர் கோயிலுக்கு வயர் இழுத்துப் பூசையை வீட்டு டிவியிலயே காட்டினார். கால் விளங்காமக் கட்டில்ல கிடக்குற எங்கண்ணன் பார்த்திருக்கு. நான் வாசல்ல செருப்பைக் கழட்டுமுன்னயே கத்துச்சு: "சவரி! அருளாயி பேரை வாசிச்சுட்டாங்க!" ஏதோ எனக்குத் தெரியாத சேதி மாதிரி. "அப்படியாண்ணே?"ன்னேன். திரும்பத் திரும்பச் சொல்ல வச்சுக் கேட்டேன்.

ராயப்பன் அண்ணன் இப்ப என்னைப் பார்த்தா, "என்னத்தா, கேக்குதா?"ன்னு தானா வந்து விசாரிக்கிறார். "கேக்குது"ன்னு மட்டும் சொல்றேன். மன்னிச்சுட்டேன்னு சொல்லல. நீ அங்க மேல யார் காலையாவது பிடிச்சு என்னை மன்னிக்க வைக்காத, சொல்லிட்டேன்.

இனி வருஷா வருஷம் அதே தூணுக்குப் பின்னால உனக்கும் சேர்த்துப் பாய் விரிப்பேன். என்னைக்காவது உன் பேரு வாசிக்கும்போது அந்தப் பெட்டி கரகரன்னுச்சுன்னு வையி, ராயப்பன் அண்ணனை மறுபடியும் தரையில உட்கார வைப்பேன். இது அந்தப் பீடத்து மேல சத்தியம்.

உன்கூடச் சண்டை போட்டு, உனக்காகவும் சண்டை போட்ட
உன் நாத்தனா,
சவரியம்மா