அம்மா, உன் சத்தியத்தைத் தம்பி உடைத்துவிட்டான்

என்னைப் பெற்ற மகராசிக்கு,

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், உன்மேல் எனக்குக் கோபம். இன்னொரு சேதியும் இருக்கிறது: நானும் தம்பி செல்வமும் பேசிவிட்டோம். நல்ல சேதியை முதலில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கோபம் முந்திக்கொண்டது. என் புத்தி உனக்குத் தெரியாததா?

நீ போய் ஒரு வருசமும் இரண்டு மாதமும் ஆகிறது. அதில் ஒரு வருசம் முழுக்க என் தம்பி முகத்தில் நான் விழிக்கவில்லை. நீயும் அவனும் இருந்த லேபர் கேம்ப் சந்துக்குள் கால் வைக்கவில்லை. செம்பூரிலிருந்து தாராவிக்குச் சாமான் வாங்க வந்தால்கூட அவன் கடை இருக்கிற பக்கத்தை விட்டுச் சுற்றித்தான் போவேன். ஒரு தடவை அவன் எதிரே வந்துவிட்டான். நான் வெங்காயம் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பின்னே என்ன செய்யச் சொல்கிறாய்? நீ ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்திருக்கிறாய். பெங்களூரில் என் மகள் மஞ்சுவின் பிரசவத்துக்குப் போயிருந்த என்னிடம் அவன் மூச்சு விடவில்லை. தினமும் போன் போட்டேன். "அம்மைக்குச் சளிதாங்க்கா, மருந்து சாப்பிடுதா" என்றான். நீயும் போனை வாங்கி, "நேத்து மீன் கொழம்பு வச்சேன்டி" என்றாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்ன மீன் குழம்பு வைத்தாய், அம்மா?

பிள்ளை பிறந்த மறுநாள், நீ போன சேதிதான் வந்தது. நான் வந்து இறங்கியபோது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாய். அன்றைக்குச் சந்து முழுக்கக் கேட்க அவனைக் கத்தினேன். "பிள்ள பொறக்கப் போற வீட்டுக்குத் துட்டி சேதி சொல்லக்கூடாதுன்னு பாத்தியோ? இனி நீ எனக்குத் தம்பி இல்லல!" என்றேன். அவன் தலையைக் குனிந்தபடி நின்றான். அந்தக் குனிந்த தலைதான் என்னை இன்னும் எரித்தது.

அப்படி இருக்கையில், மஞ்சு மகனுக்கு ஊர்க் கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்த நேரம் வந்தது. எனக்கு ஆண்பிள்ளை இல்லை. அதனால் மஞ்சுவின் தாய்மாமன் செல்வம் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். நான் வீம்புக்கு, "உங்கப்பாவோட தம்பி மகன் மடி போதும்" என்றேன். "பஸ் கரோ, போதும் அம்மா! மாமா உசிரோட இருக்கும்போது சித்தப்பா வீட்டு மடியா? ஊரே சிரிக்கும்" என்று மஞ்சு போனை வைத்துவிட்டாள். உன் பேத்தி, வேறு எப்படி இருப்பாள்?

அவள் செய்த வேலையைக் கேள். உன் மருமகன் முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டார். எனக்கும் செல்வத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போட்டுவிட்டாள், என்னிடம் சொல்லவேயில்லை. தாதர் பிளாட்பாரத்தில் பையோடு அவன் நிற்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விசயமே புரிந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். வண்டி வந்துவிட்டது. சரி, ஊர் போய்ச் சேர்வதற்குள், "நீ மடி கொடுக்க வேண்டாம்" என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு ஏறினேன்.

செகண்ட் ஏசி. நடைபாதை ஓரத்தில் கீழ்ப் படுக்கை எனக்கு, மேலே அவனுக்கு. ஏறியதும் நான் திரையை இழுத்து மூடிக்கொண்டேன். அவன் கதவோரமாகப் போய் நின்றான். அப்படியே ஊர் வரைக்கும் போயிருப்போம்.

கல்யாணில் ஒரு புருசன் பெண்டாட்டி ஏறினார்கள். திரையை விலக்கி, இது எங்கள் சீட் என்றார்கள். விடுவேனா? டிக்கெட்டை நீட்டி, நம்பரைக் காட்டி, எனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் இறக்கினேன். சத்தம் கேட்டு டிக்கெட் பரிசோதகர் வந்தார். கையிலிருந்த பெரிய போன் மாதிரிப் பலகையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "அரே மாஜி, ஆப்கா அப்கிரேட் ஹோ கயா! ஃபர்ஸ்ட் கிளாஸ் மே ஜாயியே."

மேல் வகுப்பில் இடம் காலியாக இருந்தால் ரயில்காரர்களே மாற்றிப் போட்டுவிடுவார்களாம், காசு கேட்க மாட்டார்களாம். மஞ்சுவுக்கு மெசேஜ் வந்து, அவள் அதை எனக்கும் அனுப்பியிருக்கிறாள். அந்தப் பொடி எழுத்தை யார் படிப்பது? பேசி அனுப்பினால்தானே நான் கேட்பேன்! முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூட்டையைத் தூக்கினேன். செல்வம் பின்னாலேயே வந்து கனமான பையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். நான் விட்டுவிட்டேன், முட்டி வலி.

அது ஒரு அறை, அம்மா. கூபே என்கிறார்கள். கீழே ஒரு படுக்கை, மேலே ஒரு படுக்கை, கண்ணாடி, கொக்கி, தாழ்ப்பாள் போட்ட கதவு. கதவைத் தள்ளிச் சாத்தினால் வண்டியில் வேறு ஆளே இல்லாத மாதிரி இருக்கிறது. அங்கேயாவது திரையை இழுத்துவிட்டுக் கோபித்துக்கொண்டேன். இங்கே எதை இழுப்பது? ஒரே இருக்கையில் அவன் ஜன்னல் பக்கம், நான் கதவுப் பக்கம். கர்ஜத் வரைக்கும் அப்படியே போனோம்.

அப்புறம் போர்வை, தலையணை கொடுக்கிறவர் வந்தார். வயசாளி, நல்ல மனுசன். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "கூபே தோ மியா-பீவி கோ ஹி மில்னா சாஹியே. அச்சி ஜோடி ஹை" என்றார்.

புருசன் பெண்டாட்டியாம், நல்ல ஜோடியாம்! எனக்கு வந்ததே ஆத்திரம்! "அரே, க்யா போல்தே ஹோ! பாயி ஹை மேரா! சகா பாயி! கூடப்பொறந்த தம்பி!" என்று கத்தினேன். அந்த மனுசன் காதைப் பிடித்துக்கொண்டு, தலையணையை வைத்துவிட்டு ஓடியே போனார்.

செல்வம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பார்த்தால், பாவி, சிரிக்கிறான். "என்னல இளிக்க?" என்றேன். "நான் தம்பி இல்லன்னு சந்து முழுக்கச் சொன்ன. இப்ப ரயில் முழுக்கத் தம்பின்னு சொல்லுத" என்றான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டேன். "ஏலே, மறைக்காமச் சொல்லு. அம்ம கெடந்தத ஏன்ல எங்கிட்ட சொல்லல?"

வண்டி மலை ஏறிக்கொண்டிருந்தது. அவன் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பிறகு சொன்னான். "அம்மதாங்க்கா வேண்டாம்னா. அவ தலைல என் கைய வச்சு சத்தியம் வாங்கிட்டா. 'மூத்தவகிட்ட சொன்னேன்னா அவ ஓடி வந்துருவா. அங்க பிள்ள தனியாக் கெடந்து பெறும். சொல்லாதல'ன்னா."

அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அத ஒரு வருசமா ஏன்ல வச்சுக்கிட்டு இருந்த? எல்லார் முன்னாலயும் அந்த ஏச்சு ஏசினேனே, அப்பவாவது சொல்லித் தொலைக்கலாம்லா?"

"சொன்னா நீ அம்மைய ஏசுவ. செத்தவள ஏசிட்டு, பொறவு நீதான் கெடந்து மறுகுவ. என்னைய ஏசினா என்ன? நான் உசுரோட இருக்கம்லா. என்னைக்காச்சும் பேசிக்கிடலாம்."

இதைச் சொன்னவன் யார் தெரியுமா? சின்ன வயசில் என் பங்கு மிட்டாயைத் திருடித் தின்றுவிட்டு எலி தின்றது என்று சொன்னானே, அவன்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு என்றெல்லாம் கேட்கவில்லை, எங்களுக்கு அது வராது. இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தேன். ஆறு தின்றான். தின்றுவிட்டு, "பொடில பெருங்காயம் தூக்கல்" என்று குறை வேறு சொன்னான்.

அன்றைக்குத் தூங்கினேன் அம்மா, நீ போன பிறகு முதல் தடவையாக. தாழ்ப்பாள் போட்ட கதவு, மேலே தம்பியின் குறட்டை. கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

பிள்ளையை உன் மகன் மடியில்தான் உட்கார வைத்தோம். அவன் கம்மல் வாங்கி வந்திருந்தான், நானும் வீம்புக்கு ஒரு ஜோடி வாங்கியிருந்தேன். அவன் வாங்கியதைத்தான் போட்டோம். பிள்ளை போட்ட கூப்பாட்டில் கோவிலே அதிர்ந்தது. மாமனின் பட்டு வேட்டியை நனைத்துவிட்டு, மீசையையும் பிடித்து இழுத்தான். மஞ்சு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அந்த ரயில் அறை கிடைக்கட்டும் என்று அவளே சாமியிடம் வேண்டிக்கொண்டாளாம்.

இப்போது உன் விசயத்துக்கு வருகிறேன். நீ சொன்னது சரியா, தப்பா? மஞ்சு இரண்டு நாள் வலியில் துடித்தாள். சேதி தெரிந்திருந்தால் நான் அவளை விட்டுவிட்டு ஓடித்தான் வந்திருப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் உன் கையை ஒரு தடவை பிடிக்க விட்டிருக்கக் கூடாதா?

உன்னை ஏசுகிற எனக்கு என்ன யோக்கியதை என்றும் கேள். என் இடது கண்ணில் புரை விழுந்து, ஆப்பரேசன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாகியிருந்தது. மஞ்சுவுக்குக் கைப்பிள்ளை, வேலை, இந்த விசேசம் வேறு, அவளிடம் எதற்கு என்று நானும் மறைத்துத்தான் வைத்திருந்தேன். காதுகுத்து முடிந்த அன்று சாயங்காலம், செல்வத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளிடம் சொல்லிவிட்டேன். "தும் பீ நா அம்மா! நீயும் ஆச்சி மாதிரியேவா?" என்று அவள் போட்ட சத்தம் பிள்ளையின் சத்தத்தை விடப் பெரிது.

போன மாதம் ஆப்பரேசன் நடந்தது. மஞ்சு ஓடி வந்தாள். இடுப்பில் பிள்ளை, தோளில் பை, தலை வாராமல் அப்படியே ஓடி வந்தாள். பத்து நாள் என் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை, அம்மா. நன்றாகத்தான் இருந்தது.

அதனால் உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். எனக்கு எது வந்தாலும் மஞ்சுவிடமும் செல்வத்திடமும் அன்றைக்கே சொல்வேன். அவர்கள் எந்த நிலையில் இருந்தாலும் சொல்வேன். ஓடி வரட்டும்.

இப்படிக்கு,
உன்னிடம் ஓடி வர முடியாமல் போன மூத்தவள்,
பேச்சி