உங்கட கதிரை ஜெர்மன் புத்தகத்தில் ஏறிவிட்டது, பவளக்கா

என் அன்பான பவளக்கா,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது. சுகமோ என்று கேட்கிறதில் அர்த்தமில்லைத்தான், ஆனாலும் கேட்காமல் தொடங்கக் கை வரவில்லை. முதலில் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஜெர்மன் புத்தகத்தில் வந்துவிட்டீர்கள்!

எழுதினது வேறு ஆருமில்லை, என் பேத்தி ஆரணி. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி ஜெர்மனில் நாவல் எழுதி, அது பிராங்பேர்ட்டில் புத்தகக்கடைக் கண்ணாடிக்குள் நிற்கிறது. அதைப் பார்க்க ஒரு தரம் போனேன். சரி, உங்களுக்குப் பொய் சொல்லி என்ன, ஒவ்வொரு நாளும்தான் போகிறேன்.

சனிக்கிழமைகளில் நான் மரக்கறி வெட்ட, அவள் மேசையில் இருந்து ஜெர்மன் பெண்கள் எழுதின கதைகளைத் தமிழில் சொல்லுவாள். இந்த நாட்டிலும் முந்தி மனுசன் மறித்தால் மனுசி வேலைக்குப் போக ஏலாதாம். அதற்கும் முந்தி, ஆம்பிளைப் பெயரில் புத்தகம் போட்ட பெண்களும் இருந்தார்களாம். வெள்ளைக்காரிகளுக்கும் இந்தப் பாடோ என்று எனக்கு ஒரே அதிசயம். அந்தக் கதைகளில் எத்தனையோ பெண்கள் கதவைச் சாத்திவிட்டு வெளிக்கிடுகிறார்கள்.

"வெளிக்கிட்டவள் அண்டைக்கு எங்க படுத்தவள்? என்னத்தைச் சாப்பிட்டவள்?" என்று கேட்பேன்.

"சில பேர் அதையும் எழுதியிருக்கினம் அம்மம்மா. சில பேர் கதவோட நிப்பாட்டிப்போட்டினம்."

"கதவுக்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியும். ஒராளை நான் கண்ணால பாத்தனான்," என்றேன். அப்படித்தான் உங்கட கதை வெளியே வந்தது. கோபமில்லைத்தானே?

முதியோரைப் பராமரிக்கிற அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்புக்கு உங்களுக்கு இடம் கிடைத்தது. "படிப்பும் வேண்டாம், வேலையும் வேண்டாம்" என்று அத்தான் மறிக்க, நீங்கள் ஒரு பெட்டியோடு போய் ஸ்டேசனடியில் அறை எடுத்தீர்கள். சமாதானம் பேச எங்கட ஆக்கள் திரண்டு வந்தார்கள். அறையில் படுக்க ஒரு மெத்தை, குந்த ஒரே ஒரு கதிரை. அந்தக் கதிரையில் நீங்கள் வடிவாய் இருந்துகொண்டு, "ம், சொல்லுங்கோ" என்றீர்கள். ஜாக்கெட்டும் சப்பாத்துமாய் வந்த ஆம்பிளையள் எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல வரிசையாய் நின்றார்கள். துணைக்கு வந்த நான் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரிப்பை விழுங்கினேன். ஆரணி இதை ஒரு அத்தியாயமாகவே எழுதியிருக்கிறாள், ஆரின் பெயரும் போடாமல்.

போன மாதம் எங்கட சங்கம் வெளியீட்டு விழா வைத்தது. ஜெர்மன்காரரின் கூட்டமென்றால் ஒரு மேசை, ஒரு கிளாஸ் தண்ணி, எழுதினவள் வாசிப்பாள், முடிந்தது. எங்கட அழைப்பிதழைப் பார்க்கவேணும் நீங்கள்! தலைமையுரை, வாழ்த்துரை, ஆய்வுரை, சிறப்புரை. பெண் விடுதலையைப் பற்றிப் பேச அத்தனையும் ஆம்பிளையள். கடைசியில், சிற்றுண்டிக்குக் கொஞ்சம் முன்னம், ஏற்புரை: ஆரணி.

விழாவுக்கு முன்னம் தலைவர் போன் எடுத்தார்.

"மலரக்கா, பிள்ளை நல்லா எழுதியிருக்கு. அந்தக் கதிரைப் பகுதியை மட்டும் வாசிக்கவேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ. குடும்பங்கள் வந்திருக்கும்."

"குடும்பத்தைப் பற்றித்தானே தம்பி எழுதினவள்?"

மனுசன் இருமினார். ஏனென்று உங்களுக்குத் தெரியும். அண்டைக்கு வரிசையில் நின்றவர்களில் அவர்தான் இளசு.

பக்கத்தில் நின்ற ஆரணிக்கு எல்லாம் கேட்டுவிட்டது. "இந்த ஆக்களோட பழகப்போறது நீங்கள்தான் அம்மம்மா. நீங்களே சொல்லுங்கோ, வாசிக்கிறதோ விடுறதோ?"

எனக்கு அந்த மண்டபம்தான் கண்ணுக்குள் வந்தது. முந்தி நீங்கள் அங்கே வந்தால் உங்களுக்குப் பக்கத்தில் ஒருத்தியும் வந்து இருக்கமாட்டாள். இப்போது புத்தகத்தில் வருகிறபோதும் உங்களை வெளியே நிப்பாட்டுவதோ?

"வாசி," என்றேன்.

பேச்சுகள் நீண்டு, ரோல்ஸ் பொரிக்கிற வாசம் மண்டபத்துக்குள் வந்த பிறகுதான் அவளிடம் மைக் வந்தது. உங்கட அத்தியாயத்தை ஜெர்மனில் வாசித்தாள். முதலில் இளம் பிள்ளைகள் சிரித்தார்கள். "என்னவாம்? என்னவாம்?" என்று பெரிய ஆக்கள் அந்தரப்பட, பிள்ளைகள் குனிந்து தங்கட உடைந்த தமிழில் காதுக்குள் சொன்னார்கள். வரிசை வரிசையாய்க் கதை பின்னுக்குப் போனது அக்கா. பிறகு வந்தது பாருங்கோ இரண்டாவது சிரிப்பு! மனுசிகள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

தலைவர் எழும்பினார்.

"அதில நிண்டதில நானும் ஒராள்," என்றார். "அண்டைக்குக் கால் உளைஞ்ச உளைவு இண்டைக்கும் ஞாபகமிருக்கு." மண்டபம் வெடித்துச் சிரித்தது. அவர் திரும்பக் கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னார். "என்ர அம்மாவைக் கடைசிக் காலத்தில குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திப் பாத்ததும் அந்த அக்காதான். அதை நான் ஒருநாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

சிரிப்பு அடங்கிவிட்டது. பிறகு கைதட்டல்.

விழா முடிய, முந்தி உங்களைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவர்களே என்னிடம் வந்து, "பவளக்கா எங்களோட நல்ல வாரப்பாடு, சரியான பாசம்" என்கிறார்கள்! நல்லாய்த் திருப்பிக் கேட்டிருப்பேன், வாய்க்குள் ரோல்ஸ். இதெல்லாம் உங்களுக்குத் தெரியவந்ததோ? சிரித்தீர்களோ?

அடுத்த மாதம் மியூனிக்கில் வாசிப்பு. ஆரணி வேலை முடிய அங்கிருந்து நேரே போகிறாள். "அம்மா, தனிய ரயிலில உங்களால ஏலாது," என்கிறான் மகன். "ஏலும்," என்று டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜெர்மன்காரிகள் எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்கிறார்களாம்: பாவம், அந்த மனுசி தனிமையில் கஷ்டப்பட்டிருப்பாவோ? இந்த முறை நான் முன்வரிசையில் இருப்பேன். எழும்பி நின்று என் ஜெர்மனில் சொல்லுவேன்: அவ ஞாயிற்றுக்கிழமையில் மத்தியானம் வரைக்கும் நித்திரை கொண்டவ, பாட்டுப் பாடிப் பாடிச் சமைத்தவ, தன் பகிடிக்குத் தானே முதலில் சிரித்தவ. நான் இருக்குமட்டும் உங்களுக்காக இரக்கப்பட ஒருத்தரையும் விடமாட்டேன். இது சத்தியம்.

கூடப் பிறக்காவிட்டாலும் என்றைக்கும் உங்கட தங்கச்சி,
மலர்