ஓடை மேல் நட்ட மகிழங்கன்று

கலைமதிக்கு அம்மா எழுதுவது. ஜெனீவா குளிரில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வல்லக்கோட்டை முருகன் துணையிருக்கட்டும். இங்கே அப்பாவுக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறது, எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், நீயும் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி, போட்டோ பிடித்து அனுப்பச் சொல்லி அப்பாவிடம் கொடுக்கிறேன். முழுசாகப் படி.

வெள்ளத்தில் அடிபட்ட ஊரைப் பார்க்கிறேன் என்று உங்கள் அமைப்பின் தலைவியம்மாள் ஆடியில் வந்து போனார்களே, அப்போது ஊரே தலைகால் தெரியாமல் ஆடியது. கடல் தாண்டி வந்தவங்களை நடக்க விடறதா, கார் ஏரிக்கரை வரைக்கும் போகவேண்டாமா என்று, ஏரி நிரம்பினால் தண்ணீர் வெளியேறும் ஓடையை மண் கொட்டி மூடினார்கள். வேறு யாருமில்லை, நம் ஆட்களேதான். உன் அப்பா முதல் ஆளாக மண்வெட்டியோடு நின்றார். மழை வந்தா இன்னா பண்ணுவீங்க என்று கேட்டதற்கு, வந்தவங்க போவட்டும் கனகம், மறுநாளே வாரிடலாம், சும்மா தொணதொணக்காதே என்றார். அந்த மண் மேல் பந்தல், ஆரத்தி, சால்வை எல்லாம் ஆகி, அம்மாள் ஒரு மகிழங்கன்று நட்டு, பக்கத்தில் பேர் வெட்டிய கல்லையும் திறந்து வைத்தார்கள். தண்ணீர் போகிற வழியை அடைத்து, அதன் மேலேயே நின்றுகொண்டு, உலகம் சூடாகிறது, ஏழைகள் தவிக்கிறார்கள் என்று பேச்சு வேறு!

மறுநாள் மண்ணை வாரப் போனால் கல்லில் கை வைக்கக்கூடாது என்று தாலுகா ஆபீசிலிருந்து வந்து சொல்லிவிட்டார்கள். கேன்டீன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மனுவோடு அலைந்தேன். அங்கே இருக்கிற அதிகாரி, இது இன்டர்நேஷனல் மேட்டரும்மா, அவங்க நட்ட செடி, அவங்க சொன்னாதான் எடுக்க முடியும், நாளைக்கு மேலேருந்து கேட்டா நான் இன்னா சொல்றது என்கிறார். செடிக்கு இரும்புக் கூண்டு போட்டு, காவலுக்கு ஆளும் வைத்திருக்கிறார்கள். உன்னோடு பத்தாவது வரை படித்த மெர்சி அந்த ஓடைக்கரையில் பள்ளத்தில் இருக்கிறாளே, இப்போது நிறைமாசம், அவளுக்கு யார் காவல்? போன வாரம் பெய்த சின்ன மழைக்கே தண்ணீர் அவள் வாசற்படி ஏறிவிட்டது. போன வருஷ வெள்ளத்தில் ஆம்புலன்ஸ் ஊருக்குள் வரமுடியாமல் திரும்பிப் போனதை அவளும் பார்த்தவள். வலி எடுத்தா இன்னாம்மா பண்றது, நீந்திக்கினா ஆஸ்பத்திரி போறது என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அந்தப் பேச்சை எழுதியது நீதான் என்று பெருமையாகச் சொன்னாய். தண்ணீர் வரும் முன்னே நாங்கள் வருவோம் என்று அதில் ஒரு வரி, எல்லாரும் கை தட்டினார்கள். கழுத்தளவு நீரில் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டு நடந்த ஒரு தாய் என்று இன்னொரு வரி. அது நான்தானே? உன்னிடம் அழுது சொன்னதை ஊர் கேட்க மைக்கில் சொல்ல வைத்தாயே, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? சரி, போகட்டும். அந்தத் தாய்க்கு ஒரு பேர் கூடவா இல்லாமல் போய்விட்டது?

இப்போது ஒரே ஒரு வரி எழுது. செடியையும் கல்லையும் எடுத்து ஓடையைத் திறந்துவிடுங்கள் என்று எழுதி உங்கள் அம்மாளிடம் கையெழுத்து வாங்கி அனுப்பு. நாட்டுக்கு நாடு சண்டையை நிறுத்தப் போகிறவர்களுக்கு இது ஒரு வேலையா? போன தடவை கேட்டதற்கு, அதெல்லாம் முறைப்படிதான் போகணும், புரோட்டோகால் என்று ஏதோ சொன்னாய். அதை இங்கே வந்து மெர்சி வயிற்றைப் பார்த்துச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கேன்டீனில் ஓவர்டைம் இல்லை. அதற்குள் அந்த வரி வராவிட்டால், நானும் என் ஷிப்ட் பெண்களும் மண்வெட்டி எடுக்கப் போகிறோம். அப்பாவையும் இழுத்துக்கொண்டு போவேன், மூடினவரே தோண்டட்டும். கன்றின் மேல் எனக்குக் கோபமில்லை, வேர் அறாமல் எடுத்து நம் கொல்லையில் வைத்துத் தண்ணீர் ஊற்றுவேன். கேஸ் போட்டால் என் பேரில் போடட்டும், அதிலாவது என் பேர் வரும்.

சளி பிடித்தால் மாத்திரையை விழுங்காதே, மிளகு ரசம் வை. நீ தீர்க்காயுசாக, மேலே மேலே வரவேண்டும், வந்த வழியும் ஞாபகம் இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
ஒரு தாய் இல்லை, உன் அம்மா
பா. கனகம்