ஜெயந்தியின் இங்கிலீஷும் பிரிக்காத கவரும்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மதியம் தாம்பரம் பக்கம் கருத்தது. இங்கே இரும்புலியூரில் ஒரு சொட்டு இல்லை.

மெர்சி டீச்சர் சொன்னபடி இன்று முதல் தினமும் எழுதப் போகிறேன். ரிட்டயர் ஆன இங்கிலீஷ் டீச்சர். சாயங்காலத்தில் எங்களைப் போன்ற பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறார். ஏழு மாதம் ஆயிற்று. எனக்கு வயது எழுபத்தொன்று. ஆயுசு முழுக்கக் கொத்து வேலை, பிற்பாடு மேஸ்திரி. எண் தெரியும், எழுத்து தெரியாது. இப்போது தெரியும்! (ஆச்சரியக்குறி போன வாரம் கற்றது.)

இன்று பஸ்ஸில் போகும்போது படித்தவை: மருந்துக் கடை. சூடான வடை. டயர் பஞ்சர். ஸ்டேஷன் பக்கச் சுவரில் "இங்கு சிறுநீர் கழிக்காதீர்". அந்தச் சுவரில் நான் எத்தனை வருஷம்! வெட்கமாகப் போயிற்று. சிரிப்பும் வந்தது.

உள்ளே என் மகள் ஜெயந்தி (இனி ஜெ., கை வலி மிச்சம்) இங்கிலீஷ் மனப்பாடம். வயது முப்பத்தொன்பது. அங்கன்வாடியில் உதவியாளர். பிளஸ் டூ பாஸ் என்றால் டீச்சர் வேலைக்கு மனுப் போடலாம். மற்றப் பாடம் எல்லாம் அப்போதே பாஸ். இங்கிலீஷ் மட்டும் போச்சு. இருபத்தொரு வருஷம் கழித்து மறுபடி எழுதுகிறாள். பரீட்சை 26ஆம் தேதி.

இவ்வளவும் எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஜூன் 11, புதன்

எங்கள் வகுப்பு முடிந்ததும் ஜெ.க்கு டியூஷன். மெ. டீச்சர் பீஸ் வாங்குவதில்லை. நான் பின் பெஞ்சில்.

"ஜெயந்தி, குப்பை அள்ளலேன்னு கமிஷனருக்குப் புகார் எழுதச் சொன்னேன். நீ ‘மை டியர் கமிஷனர்’னு ஆரம்பிச்சிருக்கே. அவர் வீட்டுல சண்டை வந்துடும்."

"மரியாதையா இருக்கட்டும்னுதான் டீச்சர்."

"மரியாதை வேற, ஆசை வேற. அதை அடிச்சுட்டு எழுது."

வரும் வழியில் ஜெ. என்னிடம்: "இந்தத் தடவை வந்துடும்ப்பா. வரலேன்னா வுட்டுடுவேன். இன்னொரு தபா ஒக்கார மாட்டேன். பசங்கல்லாம் என்னை ஆயா ஆயான்னே கூப்புடட்டும்."

எனக்கு வீட்டுப்பாடம்: வீட்டில் பத்துப் பொருளில் எழுதியிருப்பதைப் படித்து எழுதி வர வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

மேகம். காற்று இல்லை. ஜெ. வேலைக்குப் போயாயிற்று. மாப்பிள்ளை ஒரகடம் கம்பெனி, காலை ஷிப்ட்.

வீட்டுப்பாடம்:
1. துணி சோப்பு. கறை நீக்கும்.
2. கேஸ் புத்தகம். என் பெயர் முனுசாமி, அதில் முனியசாமி. இத்தனை வருஷம் வேறு எவனோ சிலிண்டர் வாங்கியிருக்கிறான்.
3. காலண்டர். ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு.
4. தைலம். வெளி உபயோகத்துக்கு மட்டும். (போன மழையில் காபியில் இரண்டு சொட்டு விட்டுக் குடித்தேன். உயிரோடு இருக்கிறேன்.)
5. மாப்பிள்ளை சட்டை. இங்கிலீஷ். விட்டேன்.

மீதிக்குப் பரண் மேலிருந்த காகிதப் பையை இறக்கினேன். எழுத்து தெரியாதவன் வீட்டில் அச்சடித்த காகிதம் எதையும் எறிய முடியாது. எது வேண்டியது, எது வேண்டாதது என்று எப்படித் தெரியும்? வந்ததெல்லாம் அந்தப் பைக்குள் போகும்.

கரண்ட் ரசீதுகள். ஓட்டு நோட்டீசு. யாருடையதோ கருமாதிப் பத்திரிகை. அப்புறம் பழுப்புக் கவர் ஒன்று. ஒட்டியது ஒட்டியபடி. மேலே நீல மை: மு. ஜெயந்தி, த/பெ முனுசாமி. ஜெ.யின் கையெழுத்து. கொம்பை இன்றும் அப்படித்தான் நீட்டி இழுப்பாள். அவள் பெயருக்கு அவளே எதற்குத் தபால் போட்டாள்? புரியவில்லை. பிரித்தேன்.

இரட்டைச் சடையில் ஜெ. போட்டோ ஒட்டிய தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேல்நிலைத் துணைத் தேர்வு. நுழைவுச் சீட்டு. பாடம் ஆங்கிலம்.

மீதி வீட்டுப்பாடம் எழுதவில்லை.

ஜூன் 14, சனி

எழுதி வைத்துவிடுகிறேன்.

அந்த வருஷம் இங்கிலீஷ் போனதும் ஜெ. மறு பரீட்சைக்குப் பணம் கட்டினாள். அப்போதெல்லாம் நம் விலாசத்தை நாமே ஒரு கவரில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதில்தான் சீட்டு வரும். (மெ. டீச்சரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.) படப்பையில் அவள் சித்திக்கு ஆபரேஷன். ஜெ.யும் அவள் அம்மாவும் பத்து நாள் அங்கே. வீட்டில் நான் மட்டும். மூன்று தபால் வந்தது. பைக்குள் போட்டேன்.

திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றுமுன் கேட்டாள்.

"அப்பா, எனக்குத் தபால் எதுனா வந்துச்சா?"

"வந்துச்சு. எல்லாம் படிச்சுப் பாத்தேன். கரண்டாபீஸ் நோட்டீசு. உனக்கு ஒண்ணும் இல்ல."

படிச்சுப் பாத்தேன். இதுதான் நான் சொன்னது. வேலை இடத்திலும் டீக்கடையிலும் பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். படத்தைப் பார்த்து நேர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேன். எட்டுப் பேருக்கு மேஸ்திரி, தெரியாது என்று எப்படிச் சொல்வது? வீட்டிலும் அதே வேஷம்.

பரீட்சை நாள் போய்விட்டது. மனுவைத் தள்ளிவிட்டார்கள் போல என்று ஜெ. அழுதாள். அப்போது நான் சொன்னது: "உனக்கு இங்கிலீசு வராதுன்னு கவர்மெண்டுக்கே தெரிஞ்சு போச்சுடி." சொல்லிவிட்டுச் சிரித்தேன். வேலைக்கு வந்த ஆட்களிடமும் சொல்லிச் சிரித்தேன்.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

நல்ல வெயில். நான் செய்தவை: வாசல் பெருக்கியது, இரண்டு குடம் தண்ணீர், ஜெ. துணி துவைத்தது, வெண்டைக்காய் பொரியல் (கருகிவிட்டது).

"இன்னாப்பா ஆச்சு உனக்கு? துணியெல்லாம் தொவைக்கிற?"

"நீ படி. நான் சும்மாதானே கீறேன்."

"ஒடம்புக்கு எதுனா பண்ணுதா? டாக்டர்கிட்ட போலாமா?"

"ஒண்ணும் இல்ல."

அதே வார்த்தை. வாயில் தானாக வருகிறது.

ஜூன் 18, புதன்

சாயங்காலம் தூறல். வகுப்புக்கு நாலு பேர்தான்.

எல்லாரும் போன பிறகு மெ. டீச்சரிடம் கவரைக் காட்டினேன். முழுக்கச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் எட்டு நாள்தான் இருக்கு மேஸ்திரி. இப்போ சொன்னா அவ படிக்க மாட்டா, அழுதுட்டுத்தான் இருப்பா. பரீட்சை முடியட்டும். அன்னிக்கே சொல்லிடுங்க."

"அன்னிக்கே சொல்றேன் டீச்சர்."

"சத்தியமா?"

"சத்தியமா."

எட்டு நாள் தள்ளிப் போனதில் எனக்கு எவ்வளவு நிம்மதி! அதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

ஜெ. என்னைக் கேள்வி கேட்கச் சொன்னாள். இங்கிலீஷ் எனக்கு எப்படித் தெரியும்? அவளே தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். நான் அதைப் படிக்க, அவள் பதில் சொன்னாள். இரண்டு மணி நேரம். நான் தடுமாறினால் அவள் எடுத்துக் கொடுக்கிறாள். யார் யாருக்குப் பரீட்சை வைக்கிறோம் என்று மாப்பிள்ளை கேலி.

"மாமா பாஸ், ஜெயந்தி டவுட்டு."

எல்லோரும் சிரித்தோம். நான் நடுவில் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

ஜூன் 26, வியாழன்

பரீட்சை. வெயில். ஜெ. இரண்டு இட்லி மட்டும். நுழைவுச் சீட்டை இப்போது பிரவுசிங் சென்டரில் எடுத்துக்கொள்கிறார்கள், தபால் இல்லை. அவள் அதை எடுத்துக்கொண்டாளா என்று நான் நாலு தரம் கேட்டேன். "எத்தினி தபா கேப்ப?" என்று எரிந்து விழுந்தாள்.

கூடவே போனேன். தாம்பரத்தில் ஒரு பள்ளி. கேட்டுக்கு எதிரில் மர நிழல். அவள் வயதில் இன்னும் மூன்று பெண்கள், ஒருத்திக்கு நரை. பிள்ளைகள் வேடிக்கை பார்த்தன. ஜெ. யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

மூன்று மணி நேரம் எதிர் போர்டுகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

வெளியே வந்தவள் முகம் சிவந்திருந்தது.

"லெட்டர் நல்லா எழுதிட்டேன்ப்பா. டியர் எல்லாம் போடல. போயம் ரெண்டு வரி மறந்துட்டேன். ஆனா வந்துடும். வந்துடும்னு தோணுது."

கரும்பு ஜூஸ் வாங்கித் தந்தாள். எனக்கு ஐஸ் வேண்டாம் என்று அவளே கடைக்காரரிடம் சொன்னாள். சட்டைப் பைக்குள் கவர். கையை வைத்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 28, சனி

நேற்றும் சொல்லவில்லை, இன்றும் இல்லை. காரணங்கள்:
வியாழன்: சந்தோஷமாக இருந்தாள்.
வெள்ளி: தலைவலி என்று படுத்தாள்.
இன்று: மாப்பிள்ளை வீட்டில்.

மெ. டீச்சர் வகுப்பில் என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினார். ரிசல்ட் வரட்டும் டீச்சர் என்றேன். அவர் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலை 13, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதினால் இதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

இரவெல்லாம் மழை, காலையில் தெளிந்தது. ரிசல்ட்.

இங்கிலீஷ் 58. பாஸ்!

ஜெ. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை லட்டு வாங்கி வந்தார். மெ. டீச்சர் வீட்டுக்கே வந்தார்.

"அறுபது எதிர்பார்த்தேன். அந்த ரெண்டு வரியில போச்சு. பரவாயில்ல, டீச்சரம்மா."

டீச்சரம்மா என்றதும் ஜெ. அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த வருஷமே சீட்டு வந்திருந்தாலும் பெயில்தான் ஆயிருப்பேன் டீச்சர். ஒண்ணுமே படிக்கல அப்போ."

எனக்கு உடம்பு லேசானது. நிஜம். அவளே சொல்லிவிட்டாள், இனி எதற்குச் சொல்வது என்று நினைத்தேன். மெ. டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. லட்டையும் தொடவில்லை. அவர் போன பிறகு எனக்கும் லட்டு இறங்கவில்லை.

ஜூலை 26, சனி

சொல்லிவிட்டேன்.

காலை, அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கவரைப் பக்கத்தில் வைத்தேன். கையைத் துடைத்து எடுத்துப் பார்த்தாள். தன் கையெழுத்தைப் பார்த்தாள், உள்ளே போட்டோவைப் பார்த்தாள். திருப்பிக் கவரின் ஓரத்தைப் பார்த்தாள்.

"இப்பதான் பிரிச்சியா?"

"ஆமா. போன மாசம்."

"படிச்சுப் பாத்தேன்னு சொன்னியே."

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதேம்மா. அப்போ பொய் சொன்னேன்."

"தெரியும்."

எனக்கு விளங்கவில்லை. அவள் கீரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்கு அஞ்சாவது படிக்கும்போதே தெரியும்ப்பா. அம்மாதான் சொல்லக் கூடாதுன்னுச்சு. அன்னிக்கும் பரண் மேல இருந்த பைய இறக்கிப் பாக்கணும்னு தோணுச்சு. பாத்தா நீ படிக்கலேன்னு வெளிய வந்துடும். உனக்கு அசிங்கமாப் பூடும்னு வுட்டுட்டேன்."

ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு மேலே சொன்னாள்.

"நேத்து டீச்சர்கிட்ட பெயிலாயிருப்பேன்னு சொன்னேன் பாரு, அது சும்மா. நல்லாப் படிச்சிருந்தேன். படப்பையில சித்தி கட்டில்கிட்ட ஒக்காந்துகினு படிச்சேன்."

"தப்புதாம்மா. பெரிய தப்பு."

"சீட்டு போனது போவட்டும். கவர்மெண்டுக்கே தெரிஞ்சு போச்சுன்னு சொல்லிச் சிரிச்சியே. வேலை ஆளுங்க கிட்டல்லாம் சொல்லி. அத எப்புடிப்பா சிரிச்ச?"

அதை அவள் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

கீரையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மீதியை நான் ஆய்ந்தேன்.

ஜூலை 28, திங்கள்

ஜெ. பேசவில்லை. சாப்பாடு போடுகிறாள், மாத்திரை எடுத்து வைக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. மாப்பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. "கொஞ்ச நாள் ஆவும் மாமா" என்றார்.

வகுப்புக்குப் போனேன். மெ. டீச்சரிடம் சொன்னேன், சொல்லிவிட்டேன் என்று. தலையை ஆட்டினார். "பாடத்தை எடுங்க." அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்த அவள் அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. இருவரும் தெரிந்துகொண்டே என் முன்னால் பேப்பரை எடுத்து வைத்திருக்கிறார்கள், நான் படிப்பேன் என்று.

ஜூலை 30, புதன்

மேகமூட்டம். குடை எடுக்க வேண்டும்.

ஜெ. லீவு போட்டிருக்கிறாள். பரீட்சை எழுதிய பள்ளியில் இன்று மார்க் சீட்டு தருகிறார்கள். ஐந்து நாளில் முதல் தடவை என்னிடம் பேசினாள். கதவைப் பார்த்துத்தான்.

"கெளம்பு."

"நான் எதுக்கும்மா?"

"மார்க் சீட்டுல பேரு, அப்பா பேரு எல்லாம் சரியா கீதான்னு பாக்கணுமாம். தப்பா இருந்தா அங்கயே சொல்லணும். நான் ஒரு தடவ படிக்கிறேன், நீ ஒரு தடவ படி."

"சரிம்மா."

"நெஜமாப் படிக்கணும்."

சட்டை போட்டாயிற்று. கண்ணாடியைக் காணோம். வாசலில் நின்று கூப்பிடுகிறாள்