நாற்பத்தைந்து மில்லிமீட்டர் உயரம்

பிப்ரவரி பதினேழு, காலை ஐந்து மணி பத்து நிமிடம். கேபிள்கள் எழுபத்திரண்டு. பாலத்தின் நடுவில் இன்னும் மூடாத இடைவெளி ஒன்று.

தென்பக்கத்துக் கடைசிக் கேபிளின் மூடியை இப்போதுதான் கழற்றினேன். துருப்பிடிக்காமலிருக்க உள்ளே அடைத்திருந்த மெழுகின் வாசனை முகத்தில் அடித்தது. "யாருக்குடா இன்னைக்கு பர்த்டே?" என்று நீ கேட்பாய். ஒவ்வொரு முறையும் அதே ஜோக். ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் வரும். இன்று கேட்க ஆளில்லை. கேபிளை இழுக்கும் ஜாக்கியைப் பிடித்திருந்த தொழிலாளர்கள் இருவரும் கொட்டாவி விட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கழிவெளி உப்புநீர்ப் பரப்புக்கு மேலே வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் நீண்டு வந்த இரண்டு தளங்களுக்கும் நடுவே இரண்டு மீட்டர்தான் பாக்கி. தெற்கு நுனி வடக்கைவிட அறுபத்து மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நீ போட்ட கணக்கு நாற்பத்தைந்து. மீதிப் பதினெட்டு எங்கிருந்து வந்தது? உன்னைத்தான் கேட்க வேண்டும். நீயோ போன நவம்பரில் டெங்குவோடு போய்விட்டாய்.

நேற்று மத்தியானம் மேனேஜர் என்னை நுனிக்கே கூட்டிப்போனார். கீழே உப்பளத்தின் வெள்ளை கண்ணைக் கூச வைத்தது.

"தம்பி, வெள்ளிக்கிழமை பெரிய ஆபீசர் வர்றாரு. இந்தப் படிக்கட்டைக் காட்டவா?"

"அது படிக்கட்டு இல்ல சார். வேணும்னுதான் வச்சிருக்கோம்."

"தெக்கால கடைசி ரெண்டு கேபிளை லூஸ் பண்ணு. நுனி இறங்கிடும். காங்கிரீட்டைப் போட்டு மூடு."

"அந்தக் கணக்குப்படி..."

"அந்தப் பொண்ணு பாவம், போய்ச் சேர்ந்துட்டா. அது போட்ட கணக்கை வச்சிக்கினு நான் எத்தினி நாள் இழுக்கறது? நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்குக் கையெழுத்துப் போடு."

உன் கணக்கின் மேல் எனக்கே முழு உறுதி இல்லை.

அந்த நாற்பத்தைந்தை நீ சொன்ன இடம் கூனிமேட்டு டீக்கடை. நாமிருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே சம்பளம், சண்டை மட்டும் தினமும். மழையால் தென்பக்க வேலை நாலு மாதம் நின்றிருந்தது. அதனால் தென்பக்கக் காங்கிரீட் இளசு. இரண்டையும் ஒரே மட்டத்தில் மூடலாம் என்றேன். நீ கண்ணாடி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு என்மேல் பாய்ந்தாய்.

"ஸ்டீல் இன்னைக்கு எவ்ளோ நீளுதோ அவ்ளோதான். காங்கிரீட் எங்க மாமா மாதிரிடா. இப்போ தலையாட்டிட்டு, அப்பால வருசக்கணக்குல மெதுவா நழுவும். இளசா இருக்கறப்பவே பாரம் ஏத்தினா இன்னும் ஜாஸ்தி நழுவும். பின்னாடி இறங்கப்போற அளவுக்குத் தெக்கு நுனி இப்போ உயரமாத்தான் நிக்கணும்."

"எவ்ளோ உயரம்?"

"நாப்பத்தஞ்சு."

"ஒரு மில்லிமீட்டர் கூட மாறாதா?"

"உன் மூஞ்சிதான் மாறும்."

அளவெடுப்பதிலும் சண்டைதான். பதினோரு மணிக்கு நான் மட்டம் பார்த்து எழுதியதை நீ அப்படியே அடித்துவிட்டாய். "வெயில்ல கேபிள் நீளுது, மேல்தளம் விரியுது, நுனி தொங்குது. நீ அளந்தது பாலத்தை இல்ல, வெயிலை." அதிலிருந்து விடியுமுன்தான் அளவு. இழுவிசை காட்டும் ஜாக்கியின் மீட்டர் உப்புக் காற்றில் கெட்டுவிடும், அடிக்கடி சரிபார்க்க வேண்டும் என்று நான் கத்தியபோது மட்டும் சிரித்தாய்: "உப்புக் காத்துக்கு உன்மேல அப்படி என்னடா கோவம்?"

அந்த மீட்டர்மேல்தான் இப்போது எனக்குச் சந்தேகம். சற்று முன், சரிபார்த்த வேறொரு மீட்டரை மாட்டி, கடைசிக் கேபிளை ஜாக்கியால் மெல்ல இழுத்தோம். கேபிளின் தலை தகட்டிலிருந்து மயிரிழை விலகும்போது காட்டும் எண்தான் அதற்குள் உண்மையில் இருக்கும் இழுவிசை. பதிவில் இருப்பதைவிட அதிகம். என்றோ ஒரு நாள் பொய் சொன்ன மீட்டரை நம்பிக் கூடுதலாக இழுத்திருக்கிறோம்.

சந்தோஷப்பட முடியவில்லை. ஒரு கேபிளை வைத்து என்ன சொல்ல? மற்றவையும் இப்படியே இருந்தால் பதினெட்டுக்குக் காரணம் கிடைத்துவிடும். இல்லாவிட்டால் உன் நாற்பத்தைந்தே தவறு. மேனேஜர் சொல்கிறபடி மட்டமாக இறக்கினால் வெள்ளிக்கிழமை போட்டோ அழகாக வரும். சில வருடங்களில் தெற்குப் பக்கம் பள்ளமாகும், மழைத் தண்ணீர் தேங்கும், அடியில் விரிசல் விடும். உன்னை அப்படியே நம்பி விட்டுவிட்டு நீ தவறாக இருந்தால், இந்த மேடு என்றைக்கும் இறங்காது. பஸ் ஒவ்வொன்றும் குதித்துத்தான் போகும். இரண்டிலும் என் கையெழுத்து இருக்கும்.

கிழக்கே வெளுக்கிறது. செய்யப்போவது இதுதான்:

1. ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். காரணத்தை எழுத்தில் கொடுப்பேன், மேனேஜர் கத்தினாலும்.

2. நாளையும் மறுநாளும் வெயிலுக்கு முன், இரண்டு பக்கத்துக் கடைசி ஆறு கேபிள்களையும் இதே மீட்டரால் இழுத்துப் பார்ப்பேன்.

3. கூடுதல் இழுவிசை இருந்தால் அதை மட்டும் தளர்த்துவேன். உன் நாற்பத்தைந்தைத் தொட மாட்டேன்.

4. இந்த வேலையை விட்டு எங்கே போனாலும், வருடத்துக்கு ஒரு விடியற்காலையில் வந்து தெற்கு நுனி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளப்பேன். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

5. உன் கணக்கு தவறென்று தெரிந்தால் அதையும் எழுதுவேன், உன் பெயரோடு. அதற்காக நீ என்னைத் திட்டப்போவதில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.