இடம் பார்க்க வந்தவர்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் நல்ல சுகம், வீட்டுக்குத்தான் நடுவில் கொஞ்சம் முடியாமல் போய் இப்போது தேறிக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, அளவாகச் சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். அன்றைக்குப் போனில் நான் "இடம் முடிஞ்சுடுச்சு" என்று சொன்னதும், நீ சந்தோஷத்தில் அழுததும், மாப்பிள்ளை பின்னாலிருந்து பையன் என்ன வேலை என்று கேட்டதும், நான் ரயில்வேயில் பெரிய வேலை என்று சொன்னதும், இது எல்லாவற்றையும் முதலில் மறந்துவிடு. கல்யாணம் இல்லை. மறுபடி போனில் சொன்னால் நீ பாதியிலேயே கத்துவாய், எழுதினால் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கத்து.

உன் மகளுக்கு நல்ல இடம் இருந்தால் சொல்லுங்கள் என்று நான் பால்காரரிலிருந்து மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் வரைக்கும் சொல்லி வைத்திருப்பது உனக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அட்டையுமாக இரண்டு பேர் வாசலில் வந்து நின்று, "அம்மா, இடம் பார்க்க வந்திருக்கோம்" என்றார்கள். ஒருவர் நல்ல உயரம், மற்றவர் பரவாயில்லை. வீடு போட்டது போட்டபடி கிடக்கிறதே என்று எனக்குக் கை கால் ஓடவில்லை, ஆனாலும் உட்கார வைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தேன். உன் மகள் முன்னறையில், அதுதான் அவளுடைய மாட்டாஸ்பத்திரியாகிவிட்டதே, அங்கே ஒரு நாய்க்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். எங்கே வேலை என்றேன். அதிவேக ரயில் திட்டத்தில் என்றார் உயரமானவர். என் மனசு குளிர்ந்துவிட்டது. "இது உங்க பேர்லதானே இருக்கு?" என்று கேட்டார். ஆமாம், என் பேரைத்தான் வைத்திருக்கிறோம், அதில் எனக்கு ரொம்பப் பெருமை என்றேன். எத்தனை வருஷம் ஆயிற்று என்றார். வருகிற மாசத்தோடு இருபத்தெட்டு என்றேன். எழுதிக்கொண்டே "கொஞ்சம் பழசுதான்" என்றார் பார், எனக்குச் சுருக்கென்றது, இந்தக் காலத்தில் இருபத்தெட்டெல்லாம் ஒரு கணக்கா என்று கேட்டுவிட்டேன். "உறுதியா இருந்தா போதும்மா" என்று மற்றவர் சமாதானம் சொன்னார். உறுதிக்கு என்ன குறைச்சல், காளை வந்து முட்டினாலும் அசையாது, நானே கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், மலைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். "வில்லங்கம் ஏதாவது?" என்று மெதுவாகக் கேட்டார் உயரமானவர். ஒன்றும் கிடையாது, முன்பு ஒருத்தன் சுற்றிச் சுற்றி வந்தான், நான் பேசி அனுப்பிவிட்டேன் என்றேன். எல்லைத் தகராறா என்றார். எல்லையைத் தாண்ட நான் விட்டால்தானே என்றேன். இதில் எந்த இடத்தில் நான் தப்பாகப் பேசினேன், நீயே சொல்.

அப்புறம் அளவெடுத்துக்கொள்ளலாமா என்றார்கள். துணி தைக்க இப்போதே அளவா, எவ்வளவு பொறுப்பான குடும்பம் என்று பூரித்துப்போய், எதிர்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டுவிட்டேன். அவர்கள் வெளியே போய் மூன்று கால் வைத்த கருவியை நிறுத்தி ஒற்றைக் கண்ணால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், தையல்காரர் உள்ளே உன் மகளின் தோளை அளந்து முடித்துவிட்டார். அவள் நாயின் வாயில் கையை விட்டிருந்ததால் திமிர முடியவில்லை. இடம் பிடித்திருக்கிறதாம் என்று நான் சைகை காட்டிச் சொன்னதற்கு, "எங்கே பிடிச்சிருக்கு பாட்டி, இடுப்பா, முதுகா?" என்று கேட்டாள், வெட்கத்தில் பேச்சை மாற்றுகிறாள் என்று விட்டுவிட்டேன். கிளம்பும்போது, பணமெல்லாம் நாங்களே கொடுத்துவிடுவோம், உங்களுக்கு ஒரு செலவும் கிடையாது, ஆட்சேபணை இல்லையென்றால் பெரியவர்களிடம் சொல்லிவிடுகிறோம் என்றார்கள். மகளே, பெண்ணைப் பெற்ற யாருக்காவது இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்திருக்கிறதா? பரிபூரண சம்மதம் என்று இரண்டு கையையும் கூப்பிச் சொன்னேன். உனக்குப் போன் போட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் இரண்டு ஆட்கள் வந்து அடுப்படிக்குப் பின்னால் குழி தோண்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லை நட்டார்கள். சம்பந்தி வீட்டிலிருந்து கல் எதற்கு என்று நான் சத்தம் போட, உன் மகள் ஓடி வந்து அவர்களிடம் விசாரித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "பாட்டி, நீ என்னைக் கட்டிக் குடுக்கல, வீட்டை ரயிலுக்குக் கட்டிக் குடுத்துட்ட" என்றாள். தண்டவாளம் அடுப்படியில் ஏறி முன்னறை வழியாக இறங்கப் போகிறதாம். ஸ்டேஷன் நம் தெருமுனையிலாம். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இவள் ஆஸ்பத்திரிக்கு எங்கே போவாள்? பணம் வாங்கிக்கொண்டு அடுக்குமாடியில் குடிபோகலாம் என்று தெருவில் சொல்கிறார்கள். அதற்கு இவள், "போகலாம் பாட்டி, மாட்டை நீ லிஃப்டுல ஏத்திக்கிட்டு வா" என்கிறாள். இதில் தையல்காரர் வேறு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். ரயில் போகிற கோடு அவர் வீட்டைத் தொடவில்லை. "எங்க வீட்டுக்கு என்னம்மா குறைச்சல், ஒரு எட்டு வந்து பார்த்துட்டு வேணாம்னாவது சொல்லியிருக்கலாமே" என்று என்னிடம் வந்து புலம்பினார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, தினமும் காலையில் தலை வாரி வாசலில் நிற்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை நகராட்சி மண்டபத்தில் தெருக்காரர்களைக் கூப்பிட்டுக் கருத்து கேட்டார்கள். பெரிய இன்ஜினியர் ஒரு பெண்பிள்ளை, உன் வயசு இருக்கும், சுவரில் படத்தை மாட்டி விளக்கினாள். சிவப்புக் கோடு நம் வீட்டு வழி. நீலக் கோடு தெருவுக்குப் பின்னால், மூடிப்போன சோப்பு ஃபாக்டரி வழி, அதில் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே போய்விடும், செலவும் கூடுதல். தையல்காரர் எழுந்து ரயிலைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பக் கூடாதா என்றார். இவ்வளவு வேகத்தில் போகிற ரயிலால் சட்டென்று திரும்ப முடியாது, லேசாக வளைவதற்கே பல மைல் முன்னாலிருந்து தயாராக வேண்டும் என்றாள். உன் அப்பாவின் கோபமும் அப்படித்தானே இருந்தது, எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிறகு அவள் என்னைக் காட்டி, இந்தத் தெருவிலேயே முழு மனசாகச் சம்மதம் சொன்னது இந்த அம்மாதான், அதனால்தான் சிவப்புக் கோட்டுக்கு வந்தோம் என்று எல்லாரையும் கை தட்டச் சொன்னாள். தட்டினார்கள். நான் எழுந்து, கையை இறக்குங்கள், நான் சம்மதித்தது என் பேத்திக்கு, வீட்டுக்கு இல்லை என்று நடந்தது முழுவதையும் சொன்னேன். மண்டபமே குலுங்கியது, அந்த உயரமானவர் தன் அட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளாம், தம்பி இருக்கிறானா என்று தனியாகக் கேட்டுப் பார்த்தேன், தங்கைதானாம்.

இன்ஜினியர் பெண் சிரித்து முடித்துவிட்டு, அந்தச் சம்மதம் செல்லாது, ஆனால் இப்போது தெளிவாகக் கேட்கிறேன் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல பிள்ளை. "உங்க பொண்ணு விமானத்துல இறங்கினா இங்க வந்து சேர ஒரு பகல் முழுக்க ஆகுது இல்லையா, இந்த ரயில் வந்தா ரெண்டே மணி நேரம்மா" என்றாள். எனக்கு ஆசை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். ஆனால் திறந்த வாயிலிருந்து வந்தது வேறு. அவள் ரெண்டு மணி நேரத்தில் வந்துடுவா தாயி, வந்து எந்த வீட்டுக்குள்ள நுழைவா என்று கேட்டேன். கடைசியில், வீட்டில் கலந்து பேசாமல் எதுவும் சொல்ல முடியாது, என் மகளைக் கேட்க வேண்டும் என்றேன். இந்த வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். இதோ உன்னோடு கலந்து பேசியாயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் போய், வீட்டைத் தருவதாக இல்லை, சோப்பு ஃபாக்டரி வழியாகவே போகட்டும் என்று சொல்லிவிடுகிறேன். நீ ஊருக்கு வெளியே இறங்கி ஒரு ஆட்டோ பிடித்துக்கொள்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுசோடு, நோய் நொடி இல்லாமல், எல்லா நலமும் பெற்று இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது, உன் மகளைக் கேட்டேன், மாட்டுக்கென்றால் மருந்து தெரியும் என்கிறாள். கடைசியாக ஒரு விஷயம், என் முடிவில் உனக்கு ஆட்சேபணை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர எப்படியும் மூன்று வாரமாகும் என்று தபாலாபீஸில் சொல்கிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய, அரசாங்கம் நமக்கு நோட்டீஸ் அனுப்புகிற முறையே இதுதான்.

உன்னைக் கேட்காமல் எதுவும் செய்யாத
உன் அம்மா